கூடத்தில் ஒரு படக்காட்சி

ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல் நம் குடும்பங்களில் ஒரு விசித்திரமான பொழுதாகும். மதிய உணவு முடிந்து, பாத்திரங்கள் கழுவி அடுக்கப்பட்டபின், வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் ஒவ்வொரு மூலையை நாடிச் சென்றுவிடுவர். சாய்மனைக் கதிரையில் ஒருவர் கண்ணயர்வார். பிள்ளைகள் கைத்தொலைபேசியின் சிறு திரையிலே முகம் புதைத்திருப்பர். அயல்வீட்டில் யார் இருக்கின்றார், யார் நோயுற்றிருக்கின்றார் என்பதும் நமக்குத் தெரியாது. முன்னாளில் வீட்டுக்கு வீடு வேலியிலே ஒரு 'பொட்டு' இருந்தது. நெருப்புக்கும் மோருக்கும் அதன் வழியே போய்வந்தனர். இன்று வேலிகள் மதில்களாகிவிட்டன. மதிலிலே பொட்டு வைப்பார் எவருமில்லை.

யாழ்ப்பாணத்தில் எமது ஒழுங்கையும் இதற்கு விலக்கன்று. பதினொரு வீடுகள் கொண்ட அவ்வொழுங்கையிலே, திருமணமோ மரணமோ நேர்ந்தாலன்றி நாம் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போவதில்லை. இந்நிலையைச் சிறிதேனும் மாற்றிப் பார்ப்போமே என்ற எண்ணம் சென்ற ஆண்டு எமக்கு உண்டாயிற்று. விருந்து வைப்பதென்றால் செலவு. கூட்டம் கூட்டுவதென்றால் தலைவர் யார், செயலாளர் யார் என்ற சிக்கல். ஆகவே பத்தாந் தரத்தில் படிக்கும் எம் மகள் சொன்ன யோசனையை ஏற்றுக்கொண்டோம். ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல் அயலவரை அழைத்து, எம் வீட்டுக் கூடத்திலே ஒரு விவரணப்படத்தைக் காட்டுவது என்பதே அந்த யோசனை. அன்று நிகழ்ந்ததையும், அதனால் நாம் கற்றதையும் வாசகர்களுக்குச் சொல்ல விழைகின்றோம்.

விவரணப்படம் யாது?

கதைப்படம் நடிகரைக் கொண்டு கற்பனையை மெய்போலக் காட்டுவது. விவரணப்படமோ உண்மையான மனிதரையும், இடங்களையும், தொழில்களையும் படம்பிடித்துக் காட்டுவது. ஆவணப்படம் என்றும் இதனை வழங்குவர். 1922 ஆம் ஆண்டிலே ரொபேர்ட் பிளகேர்ட்டி என்பவர் கனடாவின் வடபகுதியில் வாழும் இனுவிட் மக்களைப் பற்றி எடுத்த 'நனூக் ஒவ் த நோர்த்' என்னும் படமே இவ்வகையில் உலகப் புகழ் பெற்ற முதற்படம். அவர் அடுத்து எடுத்த 'மோவானா' என்னும் படத்தைப் பற்றி 1926 இல் எழுதுகையில், ஸ்கொட்லாந்துக்காரரான ஜோன் கிரியர்சன் இன்று வழங்கும் ஆங்கிலப் பெயரைக் கையாண்டார். அப்பெயரே நிலைத்துவிட்டது.

தமிழருக்கும் இத்துறையில் பெருமை கொள்ள இடமுண்டு. செட்டிநாட்டைச் சேர்ந்தவரும், 'குமரி மலர்' என்னும் இதழை நடத்தியவருமான ஏ. கே. செட்டியார், காந்தியடிகளைப் பற்றிய பழைய படச்சுருள்களைத் தேடிக் கடல் கடந்து பல நாடுகளில் அலைந்து, அவற்றைத் தொகுத்து 1940 இல் தமிழ் விளக்கவுரையுடன் ஒரு முழுநீள விவரணப்படமாக வெளியிட்டார். ஒரு தனி மனிதர் உலகமெங்கும் சிதறிக் கிடந்தவற்றை ஒன்றுசேர்த்த அம்முயற்சி மாணவர்கள் அறியவேண்டியதொன்று.

ஆயினும் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். உண்மை மனிதரைக் காட்டுவதால் விவரணப்படம் காட்டுவதெல்லாம் முழு உண்மை என்று எண்ணிவிடலாகாது. பிளகேர்ட்டியின் படத்திலே நனூக் என வரும் வேட்டைக்காரரின் மெய்ப்பெயர் அல்லாகாரியல்லாக் என்பதாம். பனிக்கட்டி வீட்டினுள்ளே குடும்பத்தார் உறங்கி எழும் காட்சியை எடுப்பதற்குப் போதிய வெளிச்சம் இல்லாமையால், ஒரு பக்கம் திறந்த வீடொன்றைத் தனியே கட்டி, அதிலே அவர்களைப் படுக்கச் செய்து படம்பிடித்தனர். கண்ணாற் காண்பதும் பொய், காதாற் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் முதியோர் கூறுவதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ? படம் பார்ப்பதோடு நிறுத்தாமல், பார்த்தபின் கூடிப் பேசவேண்டும் என்று நாம் முடிவு செய்தமைக்கு இதுவே காரணம்.

எமது தேர்வு

எந்தப் படத்தைக் காட்டுவது? போர்ப்படம் வேண்டாம் என்று ஒரு தாயார் கேட்டுக்கொண்டார். அவரது வேண்டுகோளின் காரணத்தை ஒழுங்கையிலே எல்லோரும் அறிவர். காட்டு விலங்குகளைப் பற்றிய படங்களைப் பிள்ளைகள் நாள்தோறும் தொலைக்காட்சியிற் காண்கின்றனர். முடிவிலே 'சோங் ஒவ் சிலோன்' என்னும் பழம் படத்தைத் தெரிந்தெடுத்தோம். 'இலங்கையின் பாடல்' என்று அதன் பெயரைத் தமிழிற் சொல்லலாம்.

1934 இலே பேசில் ரைட் என்னும் இளைஞர் இங்கு வந்து அதனைப் படம்பிடித்தார். அப்பொழுது அவருக்கு வயது இருபத்தாறு. தயாரித்தவர் முன்னர் நாம் குறிப்பிட்ட கிரியர்சன். பணம் கொடுத்ததோ இலங்கைத் தேயிலைப் பிரசாரச் சபை. சபையார் கேட்டவை நான்கு சிறிய பயணப்படங்கள். ரைட் கொடுத்ததோ நான்கு பகுதிகளையுடைய ஒரே படம். முதற்பகுதி புத்தரைப் பற்றியது. சிவனொளிபாத மலையை நோக்கி ஏறும் அடியார் கூட்டம் அதிலே வரும். இரண்டாவது 'கன்னித் தீவு', மூன்றாவது 'வணிகத்தின் குரல்கள்', நான்காவது 'ஒரு தெய்வத்தின் ஆடை' எனப் பெயர் பெறுவன. 1935 இல் பிரசெல்ஸ் நகரத் திரைப்பட விழாவிலே இப்படம் முதற்பரிசு பெற்றது.

இதன் விளக்கவுரை மிகவும் விநோதமானது. 1660 இலே சிறைப்பட்டு, பத்தொன்பது ஆண்டுகள் கண்டி இராச்சியத்திலே கழித்துத் தப்பியோடிய ரொபேர்ட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர் 1681 இல் வெளியிட்ட நூலின் வாசகங்களே இதில் ஒலிக்கின்றன. குரல் கொடுத்தவர் நம் நாட்டவரான லயனல் வென்ட். புகைப்படக் கலையிலும் பியானோ வாசிப்பிலும் வல்லவரான இவரது பெயராலே கொழும்பில் ஓர் அரங்கு விளங்குவதைப் பலரும் அறிவர்.

படம் ஏறத்தாழ நாற்பது நிமிடங்களே ஓடும். அயலவர் கூட்டத்துக்கு இந்த அளவு மிகவும் பொருத்தமானது. ஒன்றரை மணி நேரப் படமாயின் பாதியிலே சிறுவர் எழுந்து ஓடிவிடுவர், முதியவர் உறங்கிவிடுவர்.

ஆயத்தங்கள்

அழைப்பு விடுக்கும் பொறுப்பைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்தோம். பெரியவர் அழைத்தால், போகவேண்டியவர், போகத் தேவையில்லாதவர் என்று மனம் தன்னையறியாமலே பிரித்துவிடும். பிள்ளைகளோ ஒழுங்கையின் இந்த முனையிலே தொடங்கி அந்த முனை வரை ஒரு படலையையும் விடாமல் தட்டினர்.

பட்டப்பகலில் படம் காட்டுவதானால் முதல் எதிரி வெயில். கூடத்தின் யன்னல்களுக்குத் தடித்த போர்வைகளைக் கட்டினோம். மெல்லிய சேலைகள் ஒளியைத் தடுக்கமாட்டா என்பதை முதல் நாளே சோதித்து அறிந்துகொண்டோம். வெண்சுவரே திரையாயிற்று. படவீச்சுக் கருவியை உறவினர் ஒருவர் இரவல் தந்தார். அஃது இல்லாத வீட்டிலே தொலைக்காட்சிப் பெட்டியும் போதும். ஆனால் ஒலியைக் குறித்துக் கவனம் வேண்டும். சிறு பெட்டியின் ஒலி முன்வரிசைக்கே எட்டும். ஆகவே தனி ஒலிபெருக்கி ஒன்றைப் பின்னே வைத்தோம். இணையத்தை நம்பாமல் படத்தை முன்னதாகவே கணினியில் ஓடவிட்டுப் பார்த்தோம்.

முன்னே பாய் விரித்துச் சிறுவரையும், நடுவே கதிரைகளில் முதியோரையும், பின்னே இளைஞரையும் இருத்தத் திட்டமிட்டோம். தேநீரும் உழுந்து வடையும் படம் முடிந்தபின் என்று விதித்தோம். இடையிலே கொடுத்தால் கிண்ண ஓசையே மிஞ்சும். தேநீர் காத்திருக்கின்றது என்றால், படம் முடிந்தவுடன் எழுந்து போவாரும் இரார்.

மொழியே பெருந்தடையாக இருந்தது. விளக்கவுரை ஆங்கிலம், அதுவும் முந்நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முந்திய ஆங்கிலம். எம் மகளும் அவள் தோழி ஒருத்தியும் இரண்டு வாரம் உழைத்து, ஒவ்வொரு பகுதிக்கும் அரைப்பக்கத் தமிழ் விளக்கம் எழுதினர். பகுதிக்குப் பகுதி படத்தை நிறுத்தி அதனை வாசிப்பது என்பது ஏற்பாடு. பாடசாலைக் கட்டுரைக்கு இத்துணை சிரத்தை எடுத்ததை நாம் கண்டதில்லை.

அந்தத் தோழியைப் பற்றி இங்கே ஒரு சொல் கூறவேண்டும். ஒழுங்கையின் கோடியிலுள்ள சிறு வீட்டிலே தாயோடும் பாட்டியோடும் வசிப்பவள் அவள். பாட்டியார் மலையகத்திலே தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவர். 1977 ஆம் ஆண்டுக் கலவரத்தின்பின் கிளிநொச்சிக்கு வந்து, அங்கிருந்தும் பெயர்ந்து, எட்டு ஆண்டுகளுக்கு முன் எமது ஒழுங்கைக்குக் குடிவந்தவர். எட்டு ஆண்டுகளிலும் அவர் எம் வீட்டு விறாந்தையைக் கடந்து உள்ளே வந்ததில்லை. வரும்படி நாம் அழைத்ததுமில்லை. இதனை வெட்கத்தோடு எழுதுகின்றோம்.

படம் ஓடியது

அன்று முப்பத்திரண்டு பேர் வந்தனர். பேர்த்தியின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த மூதாட்டியாரும் வந்தார். கதிரை காட்டினோம். "இருக்கட்டுங்க, நான் இங்கேயே இருக்கேன்" என்று கூறி, வாசற்படியை ஒட்டித் தரையிலே அமர்ந்துகொண்டார். படம் தொடங்கும் வேளையாதலால் நாமும் வற்புறுத்தவில்லை.

முதலிரு பகுதிகளும் அமைதியாகக் கழிந்தன. மலையேறுவாரைக் கண்ட முதியவர் சிலர் தாம் சிவனொளிபாதம் சென்ற கதைகளை மெல்ல மெல்லப் பேசினர். பறவையொன்று நீர்ப்பரப்பின்மேல் எழுந்து பறக்க, அதனோடு மணியோசையும் எழும் காட்சியிலே சிறுவர்களும் வாய்மூடி இருந்தனர்.

மூன்றாம் பகுதி வந்தது. ஒருபுறம் மலைச்சரிவிலே கூடை சுமந்து கொழுந்து கிள்ளும் பெண்கள். மறுபுறம் அவர்களது உருவத்தின் மேலே விலைகளையும் கப்பற் செய்திகளையும் ஒப்புவிக்கும் ஆங்கிலக் குரல்கள். பணம் கொடுத்த சபைக்காகப் படமெடுத்த ரைட், வணிகத்தின் இரைச்சலையும் உழைப்பவரின் மௌனத்தையும் அருகருகே வைத்துவிட்டார். படத்தைப் புகழ்வோர் பெரிதும் எடுத்துக்காட்டும் பகுதி இதுவே.

அப்பொழுது வாசற்படியிலிருந்து ஒரு குரல் எழுந்தது.

"தம்பி, கொஞ்சம் நிப்பாட்டுங்க. அதை இன்னொருக்கா காட்டுங்க."

எம் மகன் படத்தைப் பின்னே ஓட்டி மீண்டும் காட்டினான். மூதாட்டியார் எழுந்து சுவரருகே வந்துவிட்டார். அவரது நிழல் பாதிப் படத்தை மறைத்தது. எவரும் அதனைச் சொல்லவில்லை.

"அந்தக் கை போற போக்கைப் பாருங்க. ரெண்டு எலையும் ஒரு மொட்டும். எங்க அம்மாயி இப்படித்தான் நிப்பாங்க. இது நம்ம ஆளுங்க."

அரைப்பேர்

படம் முடிந்து போர்வைகளை அவிழ்த்தோம். வெளிச்சத்திலே எல்லோரும் கண்களைக் கசக்கிக்கொண்டனர். கலந்துரையாடலைத் தொடக்கிவைக்க, ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியர் ஒருவரை முன்னரே வேண்டியிருந்தோம். 1867 இலே லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டதையும், கோப்பிச் செடியை நோய் அழித்தபின் தேயிலை அவ்விடத்தைப் பிடித்ததையும், கோப்பிக் காலத்திலேயே தமிழகத்திலிருந்து தொழிலாளர் வரவழைக்கப்பட்டதையும் அவர் அழகாக எடுத்துரைத்தார். 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் அவர்களிற் பெரும்பாலானோர் நாடற்றவராயினர் என்று கூறி முடித்தார்.

பின்னர் பாயிலிருந்த ஒரு சிறுமி கேட்டாள். "ஆச்சி, அந்தப் பொம்பிளையளின்ரை பேரை ஏன் படத்திலை சொல்லேல்லை?"

ஆசிரியரை நோக்கியல்ல, மூதாட்டியாரை நோக்கியே அவள் கேட்டாள். அவர் சிரித்தார்.

"தோட்டத்துல பேருன்னா ஆளோட பேரு இல்ல பாப்பா. ஒரு நாள் வேலை செஞ்சா ஒரு பேரு. சொன்ன நிறைக்குக் கொழுந்து வரலேன்னா அரைப்பேரு. எங்கம்மா காய்ச்சலோட மலையேறி அரைப்பேரு வாங்கின நாளெல்லாம் எனக்குத் தெரியும்."

கூடத்திலே ஓசையில்லை. ஒரு நாட் கூலிக்குப் 'பேர்' என்றும், அரைநாட் கூலிக்கு 'அரைப்பேர்' என்றும் வழங்குவதை நம்மிற் பலர் அன்றே கேள்வியுற்றோம். நாள்தோறும் மும்முறை தேநீர் அருந்தும் நாம், அதன் பின்னேயுள்ள இச்சொல்லை அறியாதிருந்தோம்.

ஆசிரியர் தம் கதிரையிலிருந்து எழுந்தார். "அம்மா, எனக்குப் புத்தகம் சொன்னதுதான் தெரியும். இதிலை வந்து இருங்கோ. நீங்கள் சொல்லுங்கோ" என்றார். அவர் தயங்கினார்; பேர்த்தி கையைப் பிடித்து இருத்தினாள்.

பிரட்டுக் களத்திலே விடியற்காலை பெயர் கூப்பிடுவதையும், இடுப்பிலே படங்கு கட்டுவதையும், மழையில் அட்டை கடிப்பதையும், லயத்து அறையொன்றிலே ஒரு குடும்பம் முழுதும் வாழ்ந்ததையும் அவர் சொன்னார். 1964 இலே இலங்கையும் இந்தியாவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் எனப் பிரிக்கப்பட்டதை ஆசிரியர் இடையிலே நினைவூட்டினார். "அந்தக் கணக்குல எங்கண்ணன் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்" என்றார் மூதாட்டியார். தமையனார் 1972 இல் தலைமன்னாரிலே கப்பலேறினார். மண்டபம் முகாமிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அதன்பின் அவரை இவர் பார்க்கவில்லை. நாடற்றவராக எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 இல் நிறைவேறியது. கடிதமோ அந்த ஒன்றோடு நின்றுவிட்டது.

நாற்பது நிமிடப் படத்தின்பின் பேச்சு இரண்டு மணி நேரம் நீண்டது. தேநீர் இருமுறை வைக்கவேண்டியதாயிற்று. இரண்டாம் முறை கிண்ணத்தைக் கையில் எடுத்தபோது, உடனே குடிக்க எமக்கு மனம் வரவில்லை.

மாணவர்க்கும் பெற்றோர்க்கும்

இத்தகைய ஒரு பிற்பகலை எவர் வீட்டிலும் நடத்தலாம். கட்டணமின்றி, வீட்டளவிலே, ஒரு மணி நேரத்துக்கு மேற்படாத படத்தைத் தெரிந்துகொள்க. அதனைப் பற்றி முன்னதாக வாசித்து வைத்திருக்கும்படி மாணவர் ஒருவரிடம் சொல்க. படம் முடிந்தபின் மூன்று வினாக்களைக் கேட்க. நாம் எதைக் கண்டோம்? எவருடைய குரலைக் கேட்டோம்? எவருடைய குரலைக் கேட்கவில்லை?

மூன்றாவது வினாவே முதன்மையானது. விவரணப்படம் எத்துணைச் சிறந்ததாயினும், படமெடுத்தவர் நின்ற இடத்திலிருந்தே உலகைக் காட்டும். பேசில் ரைட்டின் படம் தொண்ணூறு ஆண்டுகள் கடந்தும் நம் நெஞ்சைத் தொடுகின்றது. ஆயினும் அந்தப் பெண்கள் அதிலே பேசவில்லை. அவர்களுக்காகப் பேசவல்ல ஒருவர் எமது ஒழுங்கையிலேயே எட்டு ஆண்டுகள் இருந்தார். குறை படத்தின் மீது மட்டுமன்று.

அந்நாளுக்குப்பின் மாதத்துக்கு ஒரு பிற்பகல் என்று வழக்கமாகிவிட்டது. பேர்த்தி இப்பொழுது பாட்டியார் சொல்வதையெல்லாம் கைத்தொலைபேசியிலே பதிவு செய்து வருகின்றாள். தமையனாரின் பெயரையும், அவர் புறப்பட்ட தோட்டத்தின் பெயரையும் அதிலே முதலிற் சொல்லச் செய்தாளாம். அது படமாகுமோ ஆகாதோ, நாம் அறியோம்.

சென்ற மாதம் பெருமழை பெய்துகொண்டிருந்தது. கூட்டத்துக்கு எவரும் வரமாட்டார் என்றெண்ணிக் கருவியைக் கட்டிவைக்கப் போனோம். குடையை விறாந்தையிலே சாய்த்துவிட்டு, அழைப்பை எதிர்பாராமல் நேரே கூடத்துக்குள் வந்து, நடுக் கதிரையிலே அமர்ந்தார் மூதாட்டியார். "இன்னைக்கு என்ன படமுங்க?" என்று கேட்டார்.

போர்வைகளை மீண்டும் கட்டினோம். வாசகர்களும் தத்தம் கூடங்களிலே ஒருமுறை கட்டிப் பார்ப்பார்களாக.